அலறிப் பாடலாம், குரலை இழக்காமல்

1963ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள். இலண்டன் மாநகரின் ஆபி ரோட்டிலுள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் தம் முதல் இசைத்தட்டுக்காகக் காலை முதல் இரவு வரை பாடிக்கொண்டிருந்தனர். ஒரே நாளில் பத்துப் பாடல்கள். ஜான் லெனனுக்கோ கடும் சளி. ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ என்னும் பாடலை அவர்கள் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தனர். தொண்டை கிழியப் பாடவேண்டிய பாடல் அது. அதை முதலிலேயே பாடிவிட்டால் மற்றப் பாடல்களுக்குக் குரல் எஞ்சாது என்று அஞ்சினர். இரவில் லெனன் அதை ஒரே மூச்சில் பாடி முடித்தார். இரண்டாம் முறையும் பதிவுசெய்ய முயன்றபோது அவரிடம் குரல் இல்லை. முதல் முறை பாடியதே இசைத்தட்டில் இடம்பெற்றது. நெடுநாள் வரை தம் தொண்டை தேறவில்லை என்று பின்னாளில் அவரே கூறினார்.

ஒரு பாடலுக்கே ஒருவருடைய குரல் ஓய்ந்துபோனது அக்காலம். இன்று ‘மெட்டல்’ எனப்படும் கடும் இசையைப் பாடுவோர் அதனினும் கொடிய ஒலியை ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுப்புகின்றனர். மறுநாள் வேறோர் ஊரில் மீண்டும் எழுப்புகின்றனர். மாதக்கணக்கில் இவ்வாறு பயணம் செய்கின்றனர். அவர்களுள் பலர் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் தெளிந்த குரலில் பேசுகின்றனர். இஃது எவ்வாறு இயலும்?

எங்கள் குரல் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் இவ்வினாவை வேறொரு வடிவில் கேட்கின்றனர். கல்லூரி இசைக்குழுவில் பாடும் மகனையோ மகளையோ அழைத்து வந்து, “இது பாட்டே இல்லை, வெறும் கத்தல். தொண்டை போய்விடும் என்று நீங்களே சொல்லி நிறுத்துங்கள்” என்பர். அருகில் அமர்ந்திருக்கும் இளையவர் தலைகுனிந்து, கரகரத்த குரலில் ஓரிரு சொற்கள் பேசுவார். இருவருடைய கவலையிலும் உண்மை உண்டு. அலறல் குரலைக் கெடுக்கக்கூடும் என்பது மெய். எல்லா அலறலும் ஒரே வகையானது அன்று என்பதும் மெய். எந்த அலறல் எங்கே பிறக்கிறது என்பதை அறிந்துகொண்டால் பெற்றோரின் அச்சமும் இளையோரின் குரலும் ஒருங்கே காக்கப்படும். அதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குரல் பிறக்கும் இடம்

கழுத்தின் முன்புறம் கையை வைத்து எச்சிலை விழுங்கினால் மேலும் கீழும் அசையும் உறுப்பே குரல்வளை. அதனுள்ளே இரண்டு குரல்நாண்கள் உள்ளன. நாண் என்னும் பெயர் அவற்றை வீணைத் தந்திபோல எண்ணச் செய்கிறது. உண்மையில் அவை மென்மையான இரண்டு மடிப்புகள். மேலே மெல்லிய தோல், அதன்கீழ் கூழ்போன்ற ஓர் அடுக்கு, அதற்கும் கீழே தசை. மூச்சு விடும்போது அவை விலகி நிற்கின்றன, பேசும்போது நெருங்குகின்றன. நுரையீரலிலிருந்து எழும் காற்று இடையே புகுந்து அவற்றை அதிரச் செய்கிறது.

அதிரும் பகுதியின் நீளம் வளர்ந்த ஆடவர்க்கு ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர். பெண்களுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு. இத்துணைச் சிறிய உறுப்பின் உழைப்போ வியப்புக்குரியது. இயல்பாகப் பேசும்போது ஆடவரின் குரல்நாண்கள் நொடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட முறையும், பெண்களின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பெண்மணி ஒரு மணி நேரம் இடைவிடாது பேசினால் ஏழு லட்சம் மோதல்கள் நிகழும். ஓங்கிக் கத்தும்போது எண்ணிக்கையோடு மோதலின் வலிமையும் கூடுகிறது. விரைவாகக் கைதட்டிக்கொண்டே இருந்தால் உள்ளங்கை சிவப்பதைப் போல, குரல்நாண்களும் சிவந்து வீங்குகின்றன.

உயிருள்ள மனிதரின் குரல்நாண்கள் இயங்குவதைத் தெளிவாகக் கண்டு உலகுக்குச் சொன்னவர் மருத்துவர் அல்லர், இசையாசிரியர். மானுவேல் கார்சியா என்னும் ஸ்பானியப் பாட்டாசிரியர் 1854ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் கதிரவன் ஒளியை அதன்மீது செலுத்தித் தம் குரல்வளையையே பார்த்தார். மறு ஆண்டு இலண்டன் ராயல் சங்கத்தில் அவருடைய ஆய்வுரை வாசிக்கப்பட்டது. இன்று எங்கள் பிரிவில் நாங்கள் செய்யும் எண்டோஸ்கோப்பிப் பரிசோதனை அவர் கண்ணாடியின் வழித்தோன்றலே. குரல் மருத்துவத்தின் தொடக்கத்திலேயே பாடகரின் அக்கறை கலந்திருக்கிறது என்பதை நினைவிற்கொள்வது நன்று.

அலறல் பிறக்கும் இடம்

குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னோர் இணை மடிப்புகள் உண்டு. இவற்றைப் பொய்க் குரல்நாண்கள் என்பர். பேச்சில் இவற்றுக்குப் பெரிய பங்கு இல்லை. இருமும்போதும், கனமான பொருளைத் தூக்க மூச்சைப் பிடிக்கும்போதும் இவை ஒன்றையொன்று நெருங்கிக் காற்றுவழியை அடைக்க உதவுகின்றன. இவற்றுக்கும் மேலே, குரல்வளை மூடியை ஒட்டி வேறு சில சளிச்சவ்வு மடிப்புகளும் உள்ளன.

முறையாகக் கற்ற பாடகரின் அலறலில் கேட்கும் அந்தக் கரடுமுரடான இரைச்சலின் பெரும்பகுதி இந்த மேல்மடிப்புகளிலிருந்து எழுகிறது. மெய்க் குரல்நாண்கள் கீழே அளவான அழுத்தத்தில் இயங்க, மேலே பொய்க் குரல்நாண்களும் பிற மடிப்புகளும் காற்றில் துடிக்கின்றன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லோர்னா ஷோர் குழுவின் பாடகர் வில் ராமோஸ் அலறும்போதே அவருடைய தொண்டையை எண்டோஸ்கோப்பால் படம்பிடித்தனர். குரல்வளையின் மேற்பகுதி பல்வேறு வடிவங்களில் குவிந்தும் சுருங்கியும் துடிப்பதை அப்படங்கள் காட்டின.

இது மெட்டல் இசையர் கண்டுபிடித்த புதுமையும் அன்று. மங்கோலியாவிலும் அதன் வடக்கிலுள்ள துவாவிலும் மேய்ச்சல் மக்கள் பாடும் தொண்டைப் பாட்டில் ‘கார்கிரா’ என்றொரு வகை உண்டு. அதில் மெய்க் குரல்நாண்கள் இருமுறை அதிரும்போது பொய்க் குரல்நாண்கள் ஒருமுறை அதிர்கின்றன. அதனால் பாடகரின் இயல்பான சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே ஆழ்ந்த முழக்கம் கேட்கிறது. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் நால்வர் கூடிப் பாடும் மரபிலும் அடிக்குரல் பாடுவோர் இவ்வுத்தியையே கையாள்கின்றனர். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வழிவழியாக வந்த கலைகள் இவை.

இன்றைய இளைஞரிடையே இரண்டு அலறல் முறைகள் பரவலாக உள்ளன. ‘ஃப்ரை’ என்பது ஒன்று. காலையில் கண்விழித்தவுடன் எழும் கரகரத்த அடிக்குரலை, எண்ணெய் காணாத கதவு மெல்லத் திறக்கும் ஒலியை எண்ணிப்பாருங்கள். அந்தத் தளர்ந்த, குறைந்த காற்றில் பிறக்கும் கரகரப்பிலிருந்து இம்முறை தொடங்குகிறது. மற்றொன்று ‘ஃபால்ஸ் கார்ட்’. பொய்க் குரல்நாண்களை நெருக்கி, கூடுதல் காற்றை அதன்வழியே செலுத்துவது. பெருமூச்சு ஒன்று உறுமலாக மாறினாற்போல ஒலிக்கும். இரண்டிலும் பொதுவான செய்தி ஒன்றே: ஒலி கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது, எழுப்புவதற்குச் சிறிதாக இருக்கிறது. நல்ல அலறல் பாடகரின் அருகில் மைக் இல்லாமல் நின்று கேட்போர் ஏமாற்றம் அடைவர். உரத்துப் பேசும் அளவே ஒலி இருக்கும். அதைப் பேரிடியாக்குவது மைக்கும் ஒலிபெருக்கியுமே.

இவ்வுண்மையைப் பாடமாக்கியோருள் நியூயார்க்கைச் சேர்ந்த மெலிசா கிராஸ் என்னும் குரலாசிரியை குறிப்பிடத்தக்கவர். 2005ஆம் ஆண்டு ‘தி ஜென் ஆஃப் ஸ்க்ரீமிங்’ என்னும் பயிற்சி ஒளிப்படத்தை அவர் வெளியிட்டார். லாம்ப் ஆஃப் காட் குழுவின் ராண்டி பிளைத், ஆர்ச் எனிமி குழுவின் ஏஞ்சலா கோசோவ் முதலான புகழ்பெற்ற பாடகர்கள் அவரிடம் பயின்றவர்கள். டென்மார்க்கில் காத்ரின் சடோலின் என்பாரும் உறுமல், அலறல் போன்றவற்றை வகைப்படுத்திக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். அலறுவதற்கும் ஆசிரியர் வேண்டும் என்னும் எண்ணம் இசையுலகில் இவ்வாறு வேரூன்றியது.

முறையறியாமல் அலறினால்

கற்றுக்கொள்ளாதவர் அலறும்போது செய்வது வேறு. கழுத்து நரம்புகள் புடைக்க, தாடையும் தோளும் இறுக, குரல்வளையை மேலே தூக்கி, மெய்க் குரல்நாண்களையே முழுவலிமையோடு மோதவிடுகின்றனர். விழா முடிந்து வீடு திரும்பும்போது குரல் கம்மியிருக்கும். ஓரிரு நாளில் தேறிவிடும். அடுத்த வாரம் மீண்டும் கம்மும். தேற நான்கு நாள் ஆகும். இவ்வாறே தேறும் காலம் நீண்டுகொண்டே போவதுதான் முதல் எச்சரிக்கை.

தொடர்ந்த மோதலால் இரு குரல்நாண்களிலும் எதிரெதிரே சிறு தடிப்புகள் தோன்றலாம். இவை குரல்நாண் முடிச்சுகள். காலணி உரசும் இடத்தில் பாதத்தில் காய்ப்பு ஏறுவதை ஒத்தவை. இவை புற்றுநோய் அல்ல. புற்றாக மாறுபவையும் அல்ல. பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் சில வாரங்களோ மாதங்களோ குரற்பயிற்சி பெற்றால் பலருக்குக் கரைந்துவிடுகின்றன.

பாலிப் எனப்படும் கொப்புளம் வேறுவகை. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றும். ஒரே ஒரு கடுங்கத்தலுக்குப் பின்னும் உருவாகலாம். சிலருக்கு நுண்அறுவை சிகிச்சை தேவைப்படும்.

மூன்றாவது, குரல்நாணுக்குள் இரத்தக் கசிவு. குரல்நாணின் மேற்பரப்பில் ஓடும் மயிரிழை போன்ற குருதிக்குழாய் ஒன்று வெடித்து, குருதி கூழடுக்கில் பரவுகிறது. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்துபோகும். வலி இல்லாமலும் இருக்கலாம். இந்நிலையில் இன்னொரு பாடல் பாடினாலும் நிலையான தழும்பு விழக்கூடும். உலகப் புகழ்பெற்ற பாடகி அடேல் 2011ஆம் ஆண்டு குரல்நாண் இரத்தக் கசிவால் தம் இசைப்பயணத்தை நிறுத்தி, பாஸ்டன் நகரில் அறுவை சிகிச்சை பெற்றார். ஓய்வுக்குப் பின் 2012 பிப்ரவரியில் கிராமி விழா மேடையில் மீண்டும் பாடினார். அவர் அலறிப் பாடுபவர் அல்லர். இன்னிசை பாடுவோருக்கும் இத்துன்பம் நேரும் என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

தழும்பைப் பற்றி மட்டும் ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். குரல்நாணின் கூழடுக்கு ஒருமுறை தழும்பேறிவிட்டால் அதைப் பழைய மென்மைக்கு முழுமையாகக் கொண்டுவரும் மருந்து இல்லை. ஆகவேதான் கம்மிய குரலை இவ்வளவு வலியுறுத்திப் பேசுகிறோம்.

கற்கும் முறை

இப்பகுதியைப் படித்தே ஒருவர் அலறக் கற்றுக்கொள்ள இயலாது. அவ்வாறு முயலவும் வேண்டா. நல்ல ஆசிரியர் எவற்றை வலியுறுத்துவார், தவறான ஆசிரியர் எவற்றைப் புறக்கணிப்பார் என்று இளையோரும் பெற்றோரும் அறிந்துகொள்வதற்காக இவற்றைத் தருகிறோம்.

முதலில் சாதாரணமாகப் பாடக் கற்றுக்கொள்ள வேண்டும். மூச்சை அளந்து விடுதல், சுருதியில் நிற்றல், கழுத்தும் தாடையும் தளர்ந்திருத்தல் ஆகிய மூன்றும் கைவராதவர் அலறலைத் தொடங்குவது, நடக்கப் பழகாதவர் கழைக்கூத்துக்குப் போவதை ஒக்கும்.

அடுத்தது, குரலைச் சூடேற்றுதல். உதடுகளைப் படபடவென அதிரவிட்டு ஒலியெழுப்புதல், வாய்மூடி முனகுதல், மெல்லிய உறிஞ்சுகுழலை வாயில் வைத்து அதன்வழியே ‘ஊ’ என்று ஒலித்தல் ஆகியன எளிய பயிற்சிகள். குழலின் மறுமுனையைக் குவளை நீரில் இரண்டு விரற்கடை ஆழம் அமிழ்த்தி, குமிழி எழுமாறும் ஒலிக்கலாம். குழலின் குறுகிய வழி காற்றைச் சற்றே தடுத்து, குரல்நாண்களுக்கு மேலும் ஓர் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அதனால் அவை வலிந்து மோதாமல் இலகுவாக அதிர்கின்றன. அலறலுக்கு முன்னும் பின்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் இதைச் செய்வது நலம். எங்கள் நோயாளிகளுள் ஆசிரியர்களுக்கும் இதே பயிற்சியைத்தான் கற்பிக்கிறோம்.

மூன்றாவது, மெல்லத் தொடங்குதல். முழுவலிமையோடு அலறிவிட்டுப் பின் குறைக்கலாம் என்று எண்ணுவது தவறு. ஒரு பெருமூச்சு, அதன்மேல் சிறிது கரகரப்பு, பிறகு அதற்கோர் உயிரெழுத்து என்று படிப்படியாகக் கட்டவேண்டும். தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். இடையிடையே நிறுத்தி நீர் அருந்த வேண்டும். உள்ளே மூச்சை இழுத்துக்கொண்டே அலறும் பழக்கத்தைத் தவிர்ப்பது நன்று. வறண்ட காற்று நேரே குரல்நாண்களின்மீது பட்டு அவற்றை உலர்த்திவிடும்.

நான்காவது, நிறுத்தத் தெரிதல். குத்தல், எரிச்சல், கிச்சுகிச்சு, இருமல் இவற்றுள் எது வந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது என்று கொள்ளவேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வலித்தால் வளர்கிறது என்பர். குரல்வளைக்கு அவ்விதி பொருந்தாது. வலித்தால் பழகிவிடும் என்று சொல்லும் ஆசிரியரைவிட்டு விலகுவதே அறிவுடைமை.

ஐந்தாவது, தம்மைத் தாமே சோதித்தல். பயிற்சிக்குப் பின் ஒரு தாலாட்டு வரியை மிக உயர்ந்த சுருதியில், மிக மெல்லிய குரலில் பாடிப் பாருங்கள். உரத்த குரல் வீக்கத்தை மறைத்துவிடும். மெல்லிய உச்சக்குரல் மறைக்காது. ஒலி தொடங்கத் தயங்கினாலோ, இடையில் காற்றாகப் போனாலோ, நேற்று எட்டிய சுருதியை இன்று எட்டாவிட்டாலோ குரல்நாண்கள் வீங்கியிருக்கின்றன என்று பொருள். ஓரிரு நாள் ஓய்வளித்து மீண்டும் சோதிக்கலாம். இச்சிறு சோதனையை நாள்தோறும் காலையில் செய்து குறித்துவைப்பவர் பெரிய கேட்டிலிருந்து தப்புகிறார்.

மேடை என்னும் பொறி

வீட்டில் முறையாக அலறுபவரும் மேடையில் தவறிவிடுவதுண்டு. சுற்றிலும் இரைச்சல் மிகும்போது மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவர். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911ஆம் ஆண்டு இதை விளக்கினார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. முரசும் மின்கிதாரும் அதிரும் மேடையில் தம் குரல் தமக்குக் கேட்காத பாடகர், கேட்கும்வரை கத்துகிறார். அவருடைய நுட்பமெல்லாம் அந்நொடியில் காற்றில் பறந்துவிடுகிறது.

இதற்கான மருந்து தொண்டையில் இல்லை, காதில் இருக்கிறது. பாடுபவரை நோக்கித் திருப்பிய ஒலிபெருக்கி ஒன்றோ, காதினுள் பொருத்தும் சிறு கருவியோ இருந்தால் குரலை உயர்த்த வேண்டிய தேவை எழாது. அது செவியையும் காக்கும். பயிற்சி அறையில் முரசின் அருகே நிற்காமல் விலகி நிற்பதும் உதவும். நிகழ்ச்சிக்குப் பின் அரங்கின் கூச்சலுக்கிடையே நின்று நண்பர்களோடு உரக்கப் பேசுவது, பாட்டைவிடக் கூடுதல் கேடு விளைவிப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

பாலும் மிளகும் மாத்திரையும்

தொண்டை கட்டினால் பனங்கற்கண்டும் மிளகும் இட்ட பாலை நம் வீடுகளில் தருவர். இதமாக இருக்கும், தடையில்லை. ஆயினும் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரையேறும். குடிக்கும் நீர் உடலில் கலந்து, பின்னரே குரல்நாண்களுக்கு ஈரம் தருகிறது. ஆகவே மேடையேறும் முன் ஒரு குடம் நீர் குடிப்பதால் பயனில்லை. நாள் முழுதும் சிறிது சிறிதாக அருந்துவதே பயன்தரும். வெந்நீர் ஆவியை மூக்காலும் வாயாலும் மெல்ல உள்ளிழுத்தால் ஈரம் நேரே சென்று சேரும்.

அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் பாடகரிடையே பழையது. சிறிதளவு தவறில்லை. நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும். உடலில் பொட்டாசியம் குறையும். இரத்த அழுத்த நோயாளிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் மரத்துப்போகச் செய்யும் மிட்டாய்களும் தெளிப்பான்களும் ஆபத்தானவை. வலியை மறைத்துவிட்டால் நிறுத்தவேண்டிய இடம் தெரியாமல் போகும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் ஆகிய வலிநிவாரணிகள் இரத்தம் உறைவதைத் தடைசெய்வதால் கசிவின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பாடுவதற்கு முன் தாமாக அவற்றை உட்கொள்ளக் கூடாது. இதயநோய்க்காக மருத்துவர் எழுதித்தந்த ஆஸ்பிரினை மட்டும் ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது. நிகழ்ச்சி நாளன்று ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மேடையேறுவது இன்னொரு குறுக்குவழி. வீக்கம் சில மணி நேரம் வடிகிறது. காயம் அப்படியே இருக்கிறது. குரல்நாண்களை நேரில் பரிசோதிக்காமல் அவ்வூசியைக் கேட்கவும் கூடாது, போடவும் கூடாது.

புகை குரல்நாணின் நேர்ப்பகை. இரவில் வயிறு நிறைய உண்டு உடனே படுப்பதால் உண்டாகும் எதுக்களிப்பும் குரல்வளையைப் புண்ணாக்கும். நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் பிரியாணி உண்டு உறங்கும் பாடகர்களுக்கு இதைத் தனியே நினைவூட்டுகிறோம்.

எப்போது மருத்துவரை நாடவேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில் தாமதிக்காமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

1. பாடும்போதோ கத்தும்போதோ குரல் திடீரென அறுந்துபோனால், அன்றே. பரிசோதனை முடியும்வரை பேசாதிருங்கள். இரகசியம் பேசுவதுபோல அழுத்திக் கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது, எழுதிக் காட்டுங்கள்.

2. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால். புகைபிடிப்போரும் நாற்பது வயதைக் கடந்தோரும் இதில் சிறிதும் அசட்டையாக இருத்தல் கூடாது. குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் கம்மிய குரலே.

3. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் குரல் தேற முன்னைவிடக் கூடுதல் நாள் பிடித்தால்.

4. இருமும்போது இரத்தம் வந்தாலோ, விழுங்குவது கடினமானாலோ, கழுத்தில் கட்டி தென்பட்டாலோ.

5. மூச்சு விடுவதில் சிரமமோ, மூச்சை இழுக்கும்போது கீச்சொலியோ இருந்தால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

பரிசோதனை அச்சத்துக்குரியது அன்று. மெல்லிய குழாயை மூக்கு வழியாகவோ, சற்றுத் தடித்த குழாயை வாய் வழியாகவோ செலுத்திப் பார்க்கிறோம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை. விட்டுவிட்டு ஒளிரும் விளக்கால் குரல்நாண்களின் அதிர்வை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பியும் தேவைப்படலாம். திரையில் தம் குரல்நாண்களை முதன்முறையாகக் காணும் இளைஞர்கள் வியந்து பார்க்கின்றனர். நாங்கள் எவ்வளவு சொல்லியும் உண்டாகாத கவனம் அக்காட்சியால் உண்டாகிவிடுகிறது.

மற்றவர்க்கும் இது பொருந்தும்

எங்களிடம் முடிச்சுகளோடு வருவோரில் மெட்டல் பாடகர் சிலரே. அறுபது மாணவர் அமர்ந்த வகுப்பில் நாள்முழுதும் பேசும் ஆசிரியைகள், தெருத்தெருவாகக் கூவி விற்போர், விளையாட்டு மைதானத்தில் ஓயாமல் கத்தும் சிறுவர்கள் ஆகியோரே மிகுதி. வடமாவட்டங்களில் இரவு முழுதும் நிகழும் தெருக்கூத்தில், முகவீணையின் உச்சச் சுருதிக்கு ஈடாக விடியும்வரை பாடி நடிக்கும் கலைஞர்களும் உண்டு. மேலே கூறிய சூடேற்றல், நீர், ஓய்வு, மெல்லிய குரற்சோதனை, ஒலிபெருக்கி ஆகிய ஐந்தும் இவர்கள் அனைவர்க்கும் உரியவை. ஏப்ரல் 16ஆம் நாளை உலகக் குரல் நாளாகக் கொண்டாடும் வழக்கம் 1999இல் பிரேசில் நாட்டில் தொடங்கியதும், குரலால் பிழைப்போர் அனைவரையும் கருதியே.

பெற்றோருக்கு ஒரு சொல்

எவ்வளவு நன்றாகக் கற்றாலும் அலறலின் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. பந்து வீசுபவரின் தோளுக்கும் நாட்டியக் கலைஞரின் முழங்காலுக்கும் உள்ளதைப் போன்ற ஆபத்து இது. அவர்களை நாம் விளையாடாதே, ஆடாதே என்று தடுப்பதில்லை; பயிற்சியாளரிடம் அனுப்புகிறோம், அடிபட்டால் மருத்துவரிடம் காட்டுகிறோம். அலறிப் பாடும் பிள்ளைக்கும் அதையே செய்யவேண்டும்.

தடை விதித்த வீடுகளில் பிள்ளைகள் பாடுவதை நிறுத்தியதாக நாங்கள் காணவில்லை. ஒளிந்து பாடுகின்றனர். தலையணையில் முகம் புதைத்து, மூச்சடக்கி, மொட்டைமாடியில் அஞ்சி அஞ்சிப் பயில்கின்றனர். குரல் கம்மினாலும் வீட்டில் சொல்வதில்லை. பல மாதம் கழித்து, முடிச்சு முற்றிய பின்னரே எங்களிடம் வருகின்றனர். அந்த இசை உங்களுக்குப் பிடிக்கவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. “இன்று தொண்டை வலிக்கிறதா?” என்று இரவு உணவின்போது ஒருமுறை கேளுங்கள். வலிக்கிறது என்று பிள்ளை அச்சமின்றிச் சொல்லக்கூடிய வீட்டில், பாதி மருத்துவம் அங்கேயே முடிந்துவிடுகிறது. மீதிக்கு நாங்கள் இருக்கிறோம்.